குடித்துப் பார்க்காதவன்

அத்தியாயம் 4

வீடு பார்க்க வந்த ஆள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை என்று சரீபா சொன்ன இடத்தில்தான் பரமநாதனின் பேனை நின்றது.

அதுவரைக்கும் அவர் கொப்பியில் எழுதியதெல்லாம் சும்மா மரியாதைக்கு எழுதியது. தனியாக இருக்கிற பெண், வயது அறுபத்திரண்டு, புருசன் வஸீர் காலமாகி ஆறு வருசம், வீட்டை விற்கப் போகிறாள், வாங்குகிறவனில் சந்தேகம். இப்படி மாதத்துக்கு நாலு பேர் வருவார்கள்.

"அதைத் திருப்பிச் சொல்லுங்கோ அக்கா."

"குடிக்கேல்ல தம்பி. மேல்மாடி, குசினி, பின்வளவு எல்லாம் பாத்தார். கிணத்தடியில பத்து நிமிஷம் நிண்டார். புறோக்கர் றிபாத் குழாயைத் திறந்து பேணியில பிடிச்சு நீட்டினவன். வேண்டாமெண்டு தலையாட்டிப்போட்டுப் போயிட்டார்."

முற்றத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு வாசற்படியில் குந்தியிருந்த அன்ரோனெற் திரும்பிப் பார்த்தாள்.

"பொம்பிளை பாக்க வந்து, பொம்பிளையைத் தவிர எல்லாத்தையும் பாத்திட்டுப் போன மாதிரிக் கிடக்கு ராத்தா."

அன்ரோனெற் வங்காலைக்காரி. வயது நாற்பத்தைந்து. மன்னார் பசாரில் ஓட்டோ ஓடுகிறாள். பரமநாதனுக்கு வாகனம் இல்லை, அவளுக்கு வாய் ஓய்வதில்லை. இரண்டும் சேர்ந்துதான் மூன்று வருசமாக இந்தத் துப்பறிகிற தொழில் நடக்கிறது. போன கிழமை களவு போன கழுதை ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள். கழுதை தானாகத்தான் திரும்பி வந்தது என்பதை அன்ரோனெற் இன்னும் வெளியில் சொல்லவில்லை.

மன்னார்த் தீவில் வீடு வாங்க வருகிறவன் கூரையைப் பார்க்க முன்னம் கிணற்றைப் பார்ப்பான். சுற்றிவரக் கடல். ஒரு வளவுக் கிணறு இனிக்கும், மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு வாயில் வைக்க ஏலாது. ஆகவே ஒரு மிடறு வாய்க்குள் விட்டு, நாக்கில் உருட்டி, பக்கத்தில் நிற்கிற மனிசியின் முகத்தை ஒருக்காப் பார்த்த பிறகுதான் விலை என்ற பேச்சே வரும். அரசாங்க எஞ்சினியர் வந்தாலும் அப்படித்தான், மௌலவி வந்தாலும் அப்படித்தான்.

பரமநாதன் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். பெரியகடைப் பக்கத்தில் இப்படி ஒரு மெத்தைவீடு விலைக்கு வருவது லேசில் இல்லை. நடந்து போகிற தூரத்தில் பள்ளிவாசல், பசார், ஆசுபத்திரி. சரீபாவின் வாப்பாவின் காலத்துக்கு முந்தியே சங்கு வியாபாரத்தில் கட்டிய வீடு. ஒரு முழத் தடிப்பில் சுவர், பர்மாத் தேக்கில் தூண், மேல்மாடியில் பலகைத் தளம், தெருப் பார்த்த யன்னல்களில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. கலியாணத்துக்கு வாப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. புருசன்தான் இந்த வீட்டுக்கு வந்தார். கேற்றில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையும் றிபாத்தின் தொலைபேசி இலக்கமும் தொங்கின.

"எட்டு அறை தம்பி. நான் படுக்கிறது ஒண்டில. மற்ற ஏழையும் கிழமைக்கு ஒருக்காத் திறந்து காத்துக் காட்டிப்போட்டுப் பூட்டுறன். மகன் கத்தாரில. மகள் ஷப்னா புத்தளத்தில வீடு வாசலோட இருக்கிறாள், வா உம்மா எண்டு கூப்பிடுறாள்." சரீபா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதுக்கு முன்னம் மூண்டு பேர் வந்தவங்க. இடிச்சுப்போட்டு ஹோட்டல் கட்ட. குடுக்கேல்ல. ஆள் குடியிருக்கிறதெண்டாத்தான் குடுப்பன். இந்தத் துஷாந்தன் குடியிருக்கத்தான் எண்டு சொன்னார். கேட்ட விலைக்கு ஒரு சொல் மறுசொல் இல்லாம ஓமெண்டார். நாளைக்குப் பத்து மணிக்கு நொத்தாரிசிட்டக் கையெழுத்து. அவர் சொல்லுறது பொய்யெண்டா எனக்கு இண்டைக்கே தெரியோணும்."

"வேற ஏதும் கண்டியளோ?"

"ரெண்டாந்தரம் வந்தப்ப நான் மேல நிண்டனான். ஒருத்தருமில்லையெண்டு நினைச்சாராக்கும். குழாய் பக்கத்தில கிடக்க, கொட்டிலுக்குள்ள கிடந்த பழைய வாளியை எடுத்து, கயிறு விட்டு அள்ளினார். பையுக்குள்ள இருந்து பிளாஸ்ரிக் போத்திலை எடுத்து நிரப்பினார். மூடியைத் துடைச்சு உள்ளுக்கு வச்சார். அப்பவும் ஒரு சொட்டு வாயில வைக்கேல்ல."

பரமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தெட்டு வருசம் காணிப்பதிவுக் கந்தோரில் உறுதிப் பத்திரங்களோடு கிடந்த மனிசன். ஆட்கள் பொய் சொல்கிற விதங்களை அவர் கடதாசியில் படித்தவர்.

"அக்கா, குடிச்சுப் பாக்காதவன் இந்தத் தண்ணியைக் குடிக்க வரேல்ல. போத்திலில எடுத்தவன் பரிசோதனைக்கு அனுப்ப எடுத்திருக்கிறான். நாப்பது அறை கட்டினா இந்தத் தண்ணி சரிவருமோ எண்டு பாக்கிறவன்தான் அப்பிடிச் செய்வான். இவனும் ஹோட்டல்காரன். கையெழுத்து வைக்காதேங்கோ."

சரீபாவின் முகம் விழுந்தது. ஆத்திரம் வருமென்று பரமநாதன் நினைத்திருந்தார். வந்தது அதுவல்ல. ஒரு பொதியைத் திரும்பவும் தோளில் ஏற்றச் சொன்ன மாதிரி அவள் மெல்லக் கதிரையில் சாய்ந்தாள்.

"நல்ல பொடியன் மாதிரித்தான் இருந்தார். மேல்மாடி யன்னலைத் தடவிப் பாத்தார்." பிறகு சொன்னாள்: "அப்ப றிபாத்திட்டச் சொல்லிப்போடட்டோ?"

"பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. நான் உறுதிப்படுத்திப்போட்டு வாறன்."

*

றிபாத்தைப் பசார்த் தேத்தண்ணிக் கடையில் பிடித்தார்கள். மடித்துக் கட்டிய சாரம், சட்டைப்பையில் இரண்டு தொலைபேசி. பரமநாதனைக் கண்டதும் பாதி ரோலை வாயில் வைத்தபடி எழும்பப் பார்த்தான்.

"இருங்கோ றிபாத்," என்றாள் அன்ரோனெற். "நாங்கள் உங்களைத் தேடி வரேல்ல. உங்களைத் தேடுறதெண்டா பொலிஸே வரும்."

"பகிடி விடாதேங்கோ அக்கா, சனம் கேக்கப் போகுது."

"துஷாந்தன் எண்டவர் ஆர்?" பரமநாதன் எதிரில் இருந்தார்.

"எனக்கென்ன தெரியும் சேர். போனில கதைச்சவர். தமிழ்ப் பொடியன், வெளிநாட்டில இருந்து வந்திருக்கிறார். இருவது வருசமா வீடு விக்கிறன், விலை குறைக்கச் சொல்லாத ஆளை இப்பத்தான் கண்டிருக்கிறன். எனக்கே பயமாக் கிடந்தது."

"தண்ணி?"

றிபாத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். "இண்டைக்குக் காலமையும் ஒரு போத்தில் எடுத்தவர். நான்தான் பின்கேற்றைத் திறந்துவிட்டனான். ராத்தாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"எத்தினை போத்தில்?"

"மொத்தம் நாலோ அஞ்சோ. ஒவ்வொரு நாளும் ஒண்டு."

அன்ரோனெற் பரமநாதனைப் பார்த்தாள். "பரிசோதனைக்கு ஒரு போத்தில் காணும்தானே சேர்? அஞ்சு போத்தில் எண்டா அது தண்ணிப் பரிசோதனை இல்ல, தண்ணிக்கு ரியூசன்."

பரமநாதனுக்கும் அது குத்தியது. "இப்ப எங்க ஆள்?"

"சிவப்பு மோட்டச்சைக்கிள், வாடகைக்கு எடுத்தது. கொஞ்சம் முந்திப் பாலத்துப் பக்கம் போனார்."

*

மன்னார்ப் பாலத்தில் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. அன்ரோனெற் உடம்பை மற்றப் பக்கம் சாய்த்து ஓட்டினாள். பின்னால் தீவுக் கரையில் காற்றாலைகள் சுற்றின. பரமநாதன் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தார். கொப்பி பறந்தால் போய்ச்சேர அவருக்கு வேறு இடம் இல்லை என்கிற மாதிரி ஒரு பிடி.

அவரும் இந்த ஊர் ஆள் இல்லை. கரவெட்டிக்காரர். மனிசியும் மகளும் ரொறன்ரோவில். இவருடைய விசா சரிவருமென்று நாலு வருசமாகச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு கேத்தில். சுவரில் ஒரு ஆணி, அதில் கரவெட்டி வீட்டுப் பூட்டுத் திறப்பு. பின்னேரத்தில் மகள் படம் அனுப்புவாள், பனிக்குள் நிற்கிற படம். அவர் கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவார். அவ்வளவுதான் கதை.

தள்ளாடிச் சந்தியில் அன்ரோனெற் வேகத்தைக் குறைத்தாள். இளநீர் வெட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, சிவப்புப் பைக்கில ஒரு ஆள். முதுகில பை. வெயில் பட்டு இறால் மாதிரிச் சிவந்திருப்பார்."

"விடத்தல்தீவு றோட்டால போறார். தினமும் இந்த நேரம்தான் போறவர். ஒரு நாளும் இளநீர் குடிக்கேல்ல."

"அந்தாள் எதையும் குடிக்காது போல," என்றாள் அன்ரோனெற். வண்டியைத் திருப்பிவிட்டு, "சேர், விடத்தல்தீவில எந்த இடத்தில தண்ணி பரிசோதிக்கிறவை? அங்க நண்டையும் இறாலையும் தவிர ஆரும் தண்ணிக்குள்ள படிச்சதில்லையே," என்றாள்.

பரமநாதன் வெளியே பார்த்தார். வயலும் முட்பற்றையும் வெயிலில் கிடந்தன. காலையில் அவ்வளவு உறுதியாகச் சொன்ன சொல், சரீபாவின் முகம் விழுந்த விதம், இரண்டும் இப்போது சேர்ந்து வந்து முன்னால் நின்றன. ஒரு ஆளுக்கு ஒரு வீடு போய்ச் சேராமல் பண்ணுவது கந்தோரில் ஒரு முத்திரை குத்துகிற வேலைதான். குத்திய கை அதை மறந்துவிடும்.

*

விடத்தல்தீவில் கடற்கரைப் பக்கமான ஒழுங்கையில் சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. தகரக் கூரை போட்ட சின்ன வீடு. கிடுகு வேலியில் ஒரு இடம் விலகிக் கிடந்தது. அன்ரோனெற் ஒரு கண்ணையும் பரமநாதன் மற்றக் கண்ணையும் வைத்தார்கள்.

முற்றத்தில் வேப்பமர நிழலில் ஒரு அம்மா சாய்கதிரையில் இருந்தார். எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முன்னால் ஒரு ஆள் நிலத்தில் முழந்தாளில் இருந்து, போத்திலில் இருந்து பேணிக்குள் தண்ணீர் வார்த்தான். அந்த அம்மா வாங்கி, வாய்க்குள் விட்டு, நாக்கில் உருட்டினார். பிறகு பக்கத்து மண்ணில் துப்பினார்.

"இது இல்லையடா."

"அம்மா, அதே கிணறுதான். நானே வாளியால அள்ளினனான்."

"அப்ப உன்னை ஏமாத்திப்போட்டாங்கள். வேற ஆற்றையோ வீட்டைக் காட்டியிருக்கிறாங்கள். எனக்குத் தெரியாதே அந்தத் தண்ணி."

"ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லுறியள்."

"நீ ஒவ்வொரு நாளும் இதைத்தானே கொண்டு வாறாய்."

அந்த நேரம் பார்த்து அன்ரோனெற்றின் தொலைபேசி மாதா பாட்டுப் பாடியது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலையும் திரும்பின.

"துப்பறியிற வேலை முடிஞ்சுது சேர்," என்றாள் அன்ரோனெற், படலையைத் திறந்துகொண்டு. "வணக்கம் அம்மா. நாங்கள் களவெடுக்க வந்த ஆக்களில்ல. களவெடுக்கிறவை என்னை மாதிரி ஆளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டினம்."

அந்த ஆள் எழும்பி நின்றான். முப்பத்தேழு வயதிருக்கும். "ஆர் நீங்கள்?"

"என்ர பேர் பரமநாதன். சரீபா அக்கா உங்களைப் பற்றி விசாரிக்கச் சொல்லி அனுப்பினவ. நீங்கள்தானே துஷாந்தன்?" பரமநாதன் சுற்றிவளைக்கவில்லை. "எனக்கு உங்களிட்ட ஒரு கேள்விதான் இருக்கு தம்பி. வீடு பாக்க வந்தனீங்கள் ஏன் தண்ணியைக் குடிச்சுப் பாக்கேல்ல?"

துஷாந்தன் போத்திலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"ஏன் பாக்கோணும்? பதின்மூண்டு வருசம் குடிச்ச தண்ணி."

பரமநாதன் வேப்பமரத்து வேரில் மெல்ல இருந்தார். தண்ணீரைக் குடித்துப் பார்க்காதவர்கள் இரண்டு வகை. அந்தத் தண்ணீர் தேவையில்லாதவன் ஒன்று. அது ஏற்கனவே நாக்கில் இருக்கிறவன் மற்றது. காலையில் அவர் பாதிக் கணக்கோடு எழும்பி வந்திருக்கிறார்.

"தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு எழுப்பினாப் பிறகு அந்தத் தெரு வெறுமனே கிடந்ததாம்," துஷாந்தன் சொன்னான். "எங்கட ஊர் அடம்பன் பக்கம். ஷெல்லடியில வீடு போச்சு. நாங்கள் தீவுக்கு ஓடி வரேக்க எனக்கு மூண்டு வயசு. விதானையார்தான் அந்த வீட்டுத் திறப்பைத் தந்தவராம். பதினாறு வயசு வரைக்கும் அங்கதான். மேல்மாடிச் சிவப்புக் கண்ணாடிக்குள்ளால பாத்துத்தான் நான் படிச்சது. அது எங்கட வீடில்லை எண்டு, வீட்டுச் சொந்தக்காரர் திரும்பி வரப்போகினம் எண்டு அப்பா சொன்ன அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"ஏன் இதை அவவிட்டச் சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? உங்களைத் துரத்தின வீட்டில நாங்கள்தான் படுத்து எழும்பினனாங்கள் எண்டோ? சொன்னா விப்பாவோ?" அவன் வீதிப் பக்கம் பார்த்தான். "சுவிஸில ஏழு வருசமா பஸ் ஓடுறன். தனி அறை. கண்ணை மூடினா அந்த யன்னல்தான் வருது. வேற வீடு எனக்குத் தெரியாது."

அந்த அம்மா, இந்திராதேவி, கையை அசைத்தார். "நான் வீடு வாங்கச் சொல்லேல்ல ஐயா. எழுதிக் கொள்ளுங்கோ. ஆற்றையோ வீடு அது. தண்ணி மட்டும்தான் கேட்டனான். இந்த ஊர்த் தண்ணி எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

"எழுதிப்போட்டன் அம்மா," என்றார் பரமநாதன். உண்மையில் எழுதினார்.

"தெரு முழுக்கக் கதவு யன்னல் கழட்டிக்கொண்டு போனவங்கள். என்ர மனிசன், இவன்ர அப்பா ஏரம்பு, செத்துப்போச்சுது, அது கேற்றடியில பாய் போட்டுத்தான் படுத்தது. ஒரு கண்ணாடி உடைய விடேல்ல. வெளிக்கிடேக்க நான் கூட்டிக் கழுவி, குசினிக்குள்ள நிறைகுடம் வச்சு மூடிப்போட்டு வந்தனான். திரும்பி வாற ஆக்களுக்கு வெறும் வீடாக் கிடக்கப்படாது. வந்தவுடன குடிக்கத் தண்ணி வேணும்." அவர் முன்னுக்குச் சாய்ந்தார். "அந்தத் தண்ணியைக் குடிச்சவையோ எண்டு மட்டும் கேட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு ஒண்டும் அறியக் கிடைக்கேல்ல."

அன்ரோனெற் மிச்சத் தண்ணீரோடு கிடந்த போத்திலைக் கையில் எடுத்தாள். "இதை நாங்கள் கொண்டு போகட்டோ அம்மா?"

"கொண்டு போங்கோ. அது அந்தத் தண்ணி இல்லை."

*

பெரியகடைக்கு வந்து சேர மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. சரீபா தொழுதுவிட்டு முன் விறாந்தையில் வெளிச்சம் போடாமல் இருந்தாள். பக்கத்து வளவில் மூன்று மாடிக்கு எழும்பிய புதுக் கட்டடம் வானத்தில் பாதியை மறைத்தது.

"நான் காலமை பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா," என்று தொடங்கினார் பரமநாதன்.

முழுவதையும் சொன்னார். ஏரம்பு கேற்றடியில் பாய் போட்டுப் படுத்ததைச் சொல்லும்போது சரீபா கேற்றைப் பார்த்தாள். குடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய கை தஸ்பீஹ் மணியில் நின்றுவிட்டது.

"குடிச்சவையோ எண்டு கேட்டவ," என்றார்.

சரீபா எழும்பிப் போய் விளக்கைப் போட்டாள். திரும்பி வந்து இருந்தாள்.

"ஊத்திப்போட்டன்."

அவள் தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தாள்.

"எண்ட புருசன் குடிக்கப் போனவர். பதின்மூண்டு வருசம் புத்தளத்தில அகதியாக் கிடந்திட்டு வந்து இறங்கின களை. எண்ட கிணத்துத் தண்ணி சரீபா எண்டு சொல்லிக்கொண்டு பேணியைத் தேடினவர். நான்தான் குடத்தைப் பறிச்சு முத்தத்தில ஊத்தினனான். வெள்ளைத் துணியால வாய் கட்டி, மேல மாவிலை வச்சிருந்திச்சு. என்ன மந்திரிச்சு வச்சிட்டுப் போனாளோ எண்டு எனக்கு நெஞ்சு பதறிச்சு. குடத்தையும் தூக்கித் தெருவில எறிஞ்சன். அண்டைக்கு முழுக்க ரெண்டு பேரும் தண்ணியில்லாம இருந்தம்." அவள் மூச்சு விட்டாள். "வாழ்த்தி வச்சிட்டுப் போயிரிக்கிறா மனிசி."

அன்ரோனெற் போத்திலை மேசையில் வைத்தாள். "ராத்தா, இன்னொரு விசயம். இந்தத் தண்ணி அந்தத் தண்ணி இல்லையெண்டு அந்த அம்மா துப்பிப்போட்டா. நீங்கள் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோவன்."

சரீபா அசையவில்லை. பரமநாதனின் கண் விறாந்தை மூலைக்குப் போனது. நீலநிறப் பெரிய தண்ணீர்க் கான் இரண்டு, ஒன்று வெறுமை. கடையில் வாங்குகிற வடித்த தண்ணீர்.

"எவ்வளவு காலமா இதைக் குடிக்கிறியள்?"

"அவர் மௌத்தானதில இருந்து. தனி ஆள் தானே. கான்காரப் பொடியன் கேற்றடியில வச்சிட்டுப் போவான்."

"அப்ப கிணத்துத் தண்ணி?"

"குளிக்க, கழுவ." அவள் போத்திலில் இருந்து பேணியில் கொஞ்சம் வார்த்தாள். குடித்தாள். நாக்கில் உருட்டினாள். பிறகு பேணியை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பினாள். ஆறு வருசம் ஒரே வளவுக்குள் இருந்தும் அவளுக்குத் தெரியாமல் நடந்த காரியம் அது.

"உப்பு," என்றாள். "எண்ட கிணறு உப்பாப் போச்சு."

"மோட்டர் எவ்வளவு நேரம் ஓடுது?"

"முந்தி அரைமணித்தியாலம். இப்ப ரெண்டு வருசமா..." அவள் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினாள். "அவங்க கேட்டாங்க. கல்லுக்கு, சீமெந்துக்கு. விடியக் குழாய் போட்டா மத்தியானம் வரைக்கும் இழுக்கும். இந்த மண்ணுக்குள்ள நல்ல தண்ணி மேலதான் நிக்கும், விடாம இழுத்தா அடியில கிடக்கிற உப்பு ஏறிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமோ ராத்தா?"

சரீபா பேணியைக் கவிழ்த்து வைத்தாள். "வேலைக்காரப் பொடியன்மார் குழாய் போட வருவாங்க. உம்மா சாப்பிட்டியளா எண்டு கேப்பாங்க. ஒரு நாளைக்கு நாலு தரம் ஆக்கள் கிணத்தடிக்கு வந்து போனாங்க பிள்ளை."

பரமநாதன் கொப்பியை மூடினார். அதை எழுத ஒரு தலைப்பு அவருடைய கொப்பியில் இல்லை.

*

அடுத்தநாள் காலை, துஷாந்தன் வெள்ளைச் சட்டையோடும் கடதாசிக் கோவையோடும் கேற்றடியில் வந்து இறங்கினான். நொத்தாரிசு கந்தோருக்குப் போக முன்னம் வீட்டுக்கு வரச் சொல்லி சரீபா அன்ரோனெற்றிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். றிபாத் ஏற்கனவே வந்து முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான். பரமநாதன் தூணோடு நின்றார்.

பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிற குழாய் சுருட்டி மதிலுக்கு மேலே போடப்பட்டிருந்தது. மோட்டரின் வயர் கழன்று தொங்கியது. சரீபா கிணற்றடியில் நின்றாள். பழைய வாளியில் புதுக் கயிறு.

"வாங்க தம்பி." அவள் பேணியை நீட்டினாள். "வீடு வாங்க வாற ஆக்கள் குடிச்சுப் பாக்கிறது இந்த ஊர்ப் பழக்கம். குடிங்க."

துஷாந்தன் பரமநாதனைப் பார்த்தான். பரமநாதன் தலையை மட்டும் ஆட்டினார். அவன் வாங்கிக் குடித்தான். பாதியில் நிறுத்தினான். அவன் கண் கலங்கியது தண்ணீரின் உப்பாலா என்று றிபாத்துக்கு விளங்கவில்லை.

"உப்பு," என்றான் துஷாந்தன். "அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கிறா."

"ஓம், உப்பு. உப்புக் கிணத்தோட இந்த வீட்டை வித்தா எங்கட வாப்பாவின்ர பேரைச் சொல்லி நான் வெளியில இறங்கேலாது. இண்டைக்குக் கையெழுத்து இல்ல. மாரி வரட்டும். மழைத் தண்ணி இறங்கட்டும். கையால மட்டும் இறைப்பம். திருந்தினாப் பிறகு உறுதி எழுதுவம், உங்கட பேரில. அதுவரைக்கும் வேற ஆருக்கும் குடுக்க மாட்டன்."

"ராத்தா," என்றான் றிபாத் பரிதாபமாக.

"நீ பேசாத. பின்கேற்றைத் திறந்துவிட்டது எனக்குத் தெரியும்."

றிபாத் அன்ரோனெற்றைப் பார்த்தான். அன்ரோனெற் வானத்தைப் பார்த்தாள்.

"திருந்திச்சோ இல்லையோ எண்டு என்னால சொல்லேலாது," சரீபா சொன்னாள். "எண்ட நாக்கு மறந்து போச்சு. உங்கட அம்மாவாலதான் ஏலும். அவவைக் கூட்டிக்கொண்டு வாங்க. ஏழு அறை பூட்டிக் கிடக்கு."

"அம்மா வரமாட்டா. ஆற்றையோ வீடு எண்டுவா."

சரீபா கயிற்றைக் கையில் சுற்றினாள். "அந்தக் குடத்துத் தண்ணியை நான் குடிக்கேல்ல எண்டு சொல்லுங்க. மந்திரிச்ச தண்ணியெண்டு நினைச்சு முத்தத்தில ஊத்தினன், குடத்தையும் எறிஞ்சன், அவரையும் குடிக்க விடேல்ல. ஒண்டையும் ஒளிக்காமச் சொல்லுங்க. அதைக் கேட்ட பிறகும் வாறதெண்டா வரட்டும். நான் ஒரு குடம் வாங்கி வைக்கிறன்."

துஷாந்தன் கோவையைக் கிணற்றுக்கட்டில் வைத்தான். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு அவளிடமிருந்து கயிற்றை வாங்கினான். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. முதல் வாளியை முற்றத்தில் ஊற்றினான். இரண்டாவதையும் ஊற்றினான். சரீபா எண்ணாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேற்றில் தொங்கிய பலகையை றிபாத் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் திருப்பி மாட்டினான். எழுத்து உள்பக்கம் போய்விட்டது.

ஓட்டோ பசாருக்குத் திரும்பியது. அன்ரோனெற் கொஞ்சத் தூரம் பேசாமல் ஓட்டினாள். அது அவளுக்குக் கஷ்டமான வேலை.

"அந்த அம்மா வருவாவோ சேர்?"

"தெரியேல்ல."

"வருவா. குடத்தை ஊத்தினவளைத் திட்டவாவது வருவா. ரெண்டு பேருக்கும் மாரி முடியுமட்டும் சண்டை பிடிக்க விசயம் கிடக்கு." கண்ணாடிக்குள்ளால் பின்னால் பார்த்தாள். "உங்கட கரவெட்டி வீட்டுக் கிணறு எப்பிடி?"

"நல்ல தண்ணி," என்றார் பரமநாதன் உடனே.

"இப்பவுமோ?"

அவர் கொப்பியைத் திறந்து வழக்கு முடிந்த திகதியை எழுதப் போனார். பேனை அந்த இடத்தில் நின்றது.